பெரியதண்ணிக்கு வைத்த தேத்தண்ணி

எங்கள் தூவானத் தோட்டத்தில், ஐப்பசி மாதத்து இரண்டாவது புதன்கிழமை பின்னேரம், பெரியதண்ணி அருவியின் சத்தம் மட்டும் அருவியை விட்டுப் புறப்பட்டு, ஒன்பதாம் நம்பர் மலையின் குறுக்குப் பாதையில் இறங்கி, நாங்கள் குளிக்கவும் குடிக்கவும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையைத் தாண்டி, கீழ் லயத்து வீட்டு வரிசையின் நாலாவது காம்பிராவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் எங்கும் போகவில்லை. அது எப்போதும் விழுகிற உயரத்திலிருந்து எப்போதும் போல வெள்ளையாக விழுந்து, பாறையில் பட்டுச் சிதறி, பாலத்துக்கு அடியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் இல்லை, அவ்வளவுதான்.

வேறு தோட்டத்தில் இப்படி நடந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. எங்கள் கதை வேறு. நாங்கள் பிறந்ததிலிருந்தே பெரியதண்ணிக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர்கள். அட்டன் பஸ்ஸில் நாங்கள் ஏறினால் மற்றவர்கள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பெண் கேட்டு வருகிறவர்கள் பெண்ணின் குரலைக் கேட்டுவிட்டு யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விடுவார்கள். அந்தப் புதன்கிழமை வேலை முடிந்து கூடையோடு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த காத்தாயி அக்கா, தன் மருமகள் குழம்பில் புளி கரைக்கிற லட்சணத்தைப் கூட நடந்தவளிடம் வழக்கமான குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று உலகம் அடங்கிப்போனதில், பின்னால் இருபது அடி தள்ளி வந்த மருமகளின் காதில் அது ஒரு எழுத்து விடாமல் விழுந்தது. அன்று சாயந்தரம் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. மறுநாள் காலையில், தேயிலைக் கொழுந்தில் கை வைப்பதற்கு முன்னால் வேலாயுதம் கங்காணி "பொலி சொல்லுங்க" என்றதும், நாங்கள் எப்போதும் போல, விளைச்சல் பெருக "பொலியோ பொலி" என்று குரல் கொடுத்தோம், எங்கள் குரலைக் கேட்டு நாங்களே பயந்துபோய், இரண்டாவது தடவை அதைக் கோயிலில் சொல்வது போல மெல்லச் சொன்னோம்.

சத்தம் ஏன் அந்த வீட்டுக்குப் போனது என்று நாங்கள் அதிகம் தேடவில்லை. அந்த வீட்டுக்காரி செவனம்மா தானாகவே சொல்லிவிட்டாள். தப்பு அவளுடையதுதான், ஆனால் எங்களில் யார் வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடிய தப்பு.

எங்கள் வழக்கம் ஒன்று இருக்கிறது. வேலை முடிந்து கூடையைத் தூக்கிக்கொண்டு வரும்போது, பாதை பிரிகிற ஒவ்வொரு முனையிலும் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து, "வாயேன் வீட்டுக்கு, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவ" என்பாள். மற்றவள், "இன்னொரு நாளைக்கு வாறேன்" என்பாள். கூப்பிடுகிறவளும் நின்று கூப்பிடுவதில்லை, கேட்கிறவளும் நின்று பதில் சொல்வதில்லை, கால்கள் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். கூப்பிடாமல் போனால் மட்டும் ஒரு மாதத்துக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. அந்தப் புதன்கிழமை செவனம்மா மேல் முனையில் இரண்டு பேரைக் கூப்பிட்டாள், கோயில் முனையில் காத்தாயி அக்காவைக் கூப்பிட்டாள், எல்லாரும் இன்னொரு நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுடைய வீட்டுக்குத் திரும்புகிற கடைசி முனையில் பெரியதண்ணியைத் தவிர வேறு யாரும் இல்லை. வாய் பழக்கத்தில் இருந்தது. "நீயாச்சும் வாயேன், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவ" என்று சொல்லிவிட்டாள். பெரியதண்ணிக்கு எங்கள் பதிலை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அது வந்துவிட்டது.

செவனம்மாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. புருசன் ஆறு வருசத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். ஒரே மகள் சுகந்தினி, குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. இரண்டு வருச ஒப்பந்தம் என்று போனவள், அது முடிந்து எட்டு மாதம் ஆகியும் வரவில்லை, நீட்டித்துவிட்டார்கள் என்று சொன்னாள். அந்த இரண்டு வருசம் எட்டு மாதமும் செவனம்மாவின் வீட்டில் கதவு திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் தவிர வேறு சத்தம் இருந்ததில்லை. ரொட்டி சுட்டால் ஒரு ரொட்டி, அதிலும் பாதி மறுநாள் காலைக்கு. தனியாக இருக்கிறவர்களுக்கு எல்லாரும் அனுதாபம் சொல்வோம், ஆனால் யாரும் போய் உட்கார மாட்டோம், நாங்களும் அப்படித்தான் இருந்தோம், இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

அதனால் சத்தம் வந்து இறங்கிய முதல் நாள் செவனம்மா பயப்படவில்லை. வந்த விருந்தாளிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாள். பீங்கான் கோப்பையைக் கழுவி, தேத்தண்ணி ஊற்றி, ஒரு துண்டு சக்கரையும் பக்கத்தில் வைத்து, பலகை மேல் வைத்தாள். சுவர்த் தட்டில் அடுக்கியிருந்த டம்ளர்கள் நடுங்கி நடுங்கி விளிம்புக்கு வந்ததால் அவற்றைக் கீழே இறக்கி வைத்தாள். வேறு தொந்தரவு இல்லை. சத்தத்துக்கு மரியாதை தெரிந்திருந்தது, அவள் சாப்பிடும்போது தணிந்தது, அவள் படுத்ததும் மழைக்காலத்துப் பெருக்கு போல உயர்ந்தது. இரண்டு வருசத்தில் முதல் தடவையாக அவள் விடியும்வரை தூங்கினாள். லயத்தில் காம்பிராவுக்குக் காம்பிரா சுவர் மெல்லியது என்பதால் பக்கத்து வீடுகளும் பலன் அடைந்தன. அழுகிற பிள்ளைகளை அந்தச் சுவரோரம் போட்டால் அடங்கின. மூன்றாவது காம்பிராக்காரி தன் புருசனின் குறட்டை கேட்காமல் போனதற்காக மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். சனிக்கிழமைக்குள் அது எங்கள் லயத்தில் குடியிருக்கிற இன்னொரு ஆள் ஆகிவிட்டது. "பெரியதண்ணி எந்திரிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வாசலைக் கடந்து போனோம்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஐந்து நாள் வரை ஒன்றும் தெரியவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். மழை கொட்டுகிற மாதங்களில்தான் பெரியதண்ணி பெருகும், பெருகினால்தான் வேன்கள் வரும். ரோட்டோரத்தில் இரும்புக் கம்பி போட்டு வியூ பொயிண்ட் கட்டி வைத்திருக்கிறார்கள், அங்கே மூன்று மொழியில் அருவியின் பெயராக ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் பெயர் எழுதிய பலகை இருக்கிறது, அந்தப் பெயரை நாங்கள் யாரும் வாயால் சொன்னதில்லை. எதிரே நஸீர் நானாவின் தேத்தண்ணிக் கடை. வருகிறவர்கள் மழைக்கோட்டோடு இறங்கி, அருவிக்கு முதுகைக் காட்டி நின்று படம் பிடித்துக்கொண்டு, கையை ஊதிக்கொண்டு வேனில் ஏறிவிடுவார்கள். காது அவர்களுக்கு வேலை இல்லாத உறுப்பு. ஆறாவது நாள் புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது, அவள் மெல்லிய குரலில் சொன்ன ஏதோ ஒன்று அவனுக்கு நன்றாகக் கேட்டுவிட்டது, இரண்டு பேரும் தனித்தனி வேனில் திரும்பிப் போனார்கள். அப்போதுதான் நஸீர் நானா வெளியே வந்து அருவியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது சரியில்லயே" என்றார்.

ஆனால் அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை வந்தது.

எங்கள் தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்த வியூ பொயிண்ட். மலை அப்படி அமைந்திருக்கிறது, யாரைக் குறை சொல்ல. வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு குவைத் வீட்டில் எல்லாரும் கண்ணயர்கிற நேரத்தில், துணி மடிப்புக்குள் ஒளித்து வைத்திருக்கிற போனை எடுத்துச் சுகந்தினி கூப்பிடுவாள். இங்கே அப்போது ஐந்து மணி. செவனம்மா கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கையும் அவிழ்க்காமல், நேராக அங்கே வந்து நிற்பாள். பெரியதண்ணியின் இரைச்சலுக்கு மேலே இரண்டு பேரும் கத்துவார்கள். சாப்பிட்டியா. சாப்பிட்டேன். நல்லா இருக்கியா. நல்லா இருக்கேன். அங்க மழையா. மழைதான். கத்தி முடித்ததும் போனை வைத்துவிடுவார்கள். இரண்டு வருசம் எட்டு மாதமாகத் தாயும் மகளும் பேசியது இவ்வளவுதான், அதுவே செவனம்மாவுக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது, ஏனென்றால் மகள் உரத்த குரலில் நல்லா இருக்கேன் என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் அவள் பழக்கத்தில், "சாப்பிட்டியா?" என்று கத்தினாள். பக்கத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சாப்பிட்டேன். அம்மா, எங்க நிக்கிற?" என்றது சுகந்தினியின் குரல், காதுக்குள் இருந்து பேசுகிற மாதிரி.

"பெரியதண்ணிகிட்டதான் நிக்கிறேன்."

"சத்தத்தையே காணோம்."

"அது நம்ம வீட்ல இருக்கு. நான்தான் வாய் தவறிக் கூப்பிட்டுட்டேன்."

சுகந்தினியும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான், ஆச்சரியப்படவில்லை. "தேத்தண்ணி வச்சியா?" என்று கேட்டாள்.

"வச்சேன்."

பிறகு யாரும் பேசவில்லை. பேசாதபோது என்ன கேட்கும் என்று செவனம்மாவுக்கு அதுவரை தெரியாது. மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுது முடித்துக் கொஞ்ச நேரமே ஆனவர்கள் விடுகிற மூச்சு கேட்டது. தூரத்தில் ஒரு மணி அடிப்பதும், ஒரு பெண் குரல் கோபமாக மேரி மேரி என்று கூப்பிடுவதும் கேட்டது.

"யாரு மேரி?"

"நான்தாம்மா. எம் பேரு அவங்களுக்கு வாயில வரல."

"சுகந்தினி, நல்லா இருக்கியா?"

இந்த முறை கேள்வியைக் கத்தாமல் கேட்டதால், கத்திச் சொல்கிற பதில் மகளிடம் இல்லாமல் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஒப்பந்தத்தை யாரும் நீட்டிக்கவில்லை, பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறார்கள். ஜன்னல் இல்லாத சாமான் அறையில், துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் படுக்கை. இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அது வேண்டாம் என்றாள்.

"ஏம் புள்ள இத்தனை நாளாச் சொல்லல?"

"இதெல்லாம் கத்திச் சொல்ற சங்கதியாம்மா?"

செவனம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சுகந்தினி கடைசியாக ஒன்று சொன்னாள். "மழை பேஞ்சு நான் கேட்டதே இல்ல இங்க. வெள்ளிக்கிழமை ஒனக்குக் கோல் எடுத்தா, பின்னால பெரியதண்ணி கேக்கும். அதக் கேட்டுட்டுத்தான் ஒரு வாரம் படுப்பேன். இன்னைக்கு அதுவும் இல்ல." மணி திரும்பவும் அடித்தது, போன் நின்றுவிட்டது.

செவனம்மா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்து வாய் விட்டு அழுதாள். எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய சத்தத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டிருந்தும் அந்த இரவைப் போலத் தனியாக என்றைக்கும் இருந்ததில்லை என்று பிறகு காத்தாயி அக்காவிடம் சொன்னாள்.

அடுத்த புதன்கிழமை பின்னேரம் கோயில் வாசலில் கூட்டம் போட்டோம். இரண்டு விசயம் இருந்தது. ஒன்று சுகந்தினி. தோட்டத் தலைவர் கொழும்புக்குப் போய் ஒரு அலுவலகத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு, மூன்று படிவங்களோடு திரும்பி வந்திருந்தார். படிவங்களை நிரப்பி அனுப்பினோம், அதற்கு மேல் எங்களுக்குக் கை நீளவில்லை. இன்னொன்று பெரியதண்ணி. சத்தம் இல்லாத அருவியைப் பார்க்க வேன்கள் குறைந்துகொண்டு வந்தன, நஸீர் நானாவின் கடையில் வடை மிஞ்சியது. எங்களுக்கும் மெல்லப் பேசிப் பேசித் தொண்டை வலித்தது, ஒரு வாரத்தில் பத்து வீட்டில் சண்டை. சத்தத்தை அது இருந்த இடத்துக்கே அனுப்பிவிட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். எப்படி அனுப்புவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. கூப்பிட்டு வந்த விருந்தாளியைப் போ என்று சொல்ல எங்கள் வாயில் வார்த்தை கிடையாது. போயிட்டு வா என்றுதான் சொல்வோம், சொன்னால் அது போய்விட்டுத் திரும்பவும் வந்து நிற்கும்.

செவனம்மா அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். "போன்னு சொல்லக் கூடாது. ஆனா போற ஆளுகிட்ட ஒரு வேலை சொல்லலாமில்ல?" என்றாள்.

அது சரிதான். எங்கள் தோட்டத்திலிருந்து யார் வெளியூர் புறப்பட்டாலும் வெறுங்கையோடு போனதில்லை. கொழும்புக்குப் போகிறவனிடம் தேயிலைத் தூள் பொட்டலமும், அட்டனுக்குப் போகிறவளிடம் தைக்கக் கொடுக்கிற துணியும் ஏறிவிடும், போகிற வழிதானே என்று அவர்களும் வாங்கிக்கொள்வார்கள்.

"வெள்ளிக்கிழமை அவ கோல் எடுக்கிறப்ப, அதுகிட்ட நான் சொல்லிப் பாக்குறேன். அவகிட்டப் போயிட்டு, வரும்போது அவளையும் கூட்டிக்கிட்டு வரட்டும்" என்றாள் செவனம்மா. பிறகு குரல் இறங்கி, "அது வராமப் போச்சுன்னா, எல்லாருக்கும் நான்தான் துரோகி" என்றாள்.

அருவியை நம்பிப் பிழைக்கிறவர் எங்களில் ஒருவர்தான் என்பதால் எல்லாரும் அவரைப் பார்த்தோம். நஸீர் நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, சத்தம் எங்க போனா என்ன. தண்ணி நம்மகிட்டத்தானே ஈக்கிது. புள்ள வரட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மழை பெய்துகொண்டிருந்தது. செவனம்மா பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, அதைச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள், சத்தம் அவள் பின்னால் இறங்கியது. பீலிக்கரையிலும், கோயில் முனையிலும், மேல் முனையிலும் நாங்கள் கூடையோடு ஒதுங்கி நின்று வழி விட்டோம். ஆள் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், அந்த இரைச்சல் மட்டும் தேயிலைச் செடிகளை ஒதுக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனது. கடந்து போன பிறகு நாங்கள் அதன் பின்னால் நடந்தோம், யாரையாவது விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போகிறவர்கள் போல.

ஐந்து மணிக்குப் போன் அடித்தது. செவனம்மா, "சுகந்தினி, போனக் காதுல இருந்து தள்ளிப் புடி. ஒரு ஆள அனுப்புறேன்" என்றாள். பிறகு போனை உள்ளங்கையில் கிடத்தி அருவிப் பக்கம் நீட்டிக்கொண்டு, பெரியதண்ணியிடம் சொன்னாள்.

"எம் மக அங்க தனியா இருக்கா. போயிட்டு வா. வரும்போது அவளையும் கூட்டிக்கிட்டு வந்துரு."

சத்தம் நிதானமாகத்தான் போனது. முதலில் அதன் அடியில் இருந்த இடி போனது, பிறகு பாறையில் அடிக்கிற இரைச்சல் போனது, கடைசியில் ஓரத்தில் தெறிக்கிற சின்னத் துளிகளின் சத்தம் ஒவ்வொன்றாக உள்ளே போய் முடிந்தது. எங்கள் குடைகளில் மழை விழுவது மட்டும் கேட்டது. கோப்பையில் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் சொல்கிறேன். இப்போது அருவியிலும் சத்தம் இல்லை, நாலாவது காம்பிராவிலும் இல்லை. செவனம்மா டம்ளர்களைத் தட்டில் திரும்பவும் அடுக்கி வைத்தாள், அவை அசையவில்லை. முதல் நாலு வெள்ளிக்கிழமையும் ஐந்து மணிக்குப் போன் வந்தது, எடுத்தால் பெரியதண்ணி மட்டும்தான் கேட்டது, மகள் பேசுகிறாளா, அழுகிறாளா, அங்கே இருக்கிறாளா என்று ஒன்றும் தெரியவில்லை. செவனம்மா போன் நிற்கும்வரை அதைக் காதில் வைத்திருந்துவிட்டுத் திரும்பி வருவாள். மகளின் குரலைத் தெளிவாகக் கேட்பதற்கு ஒரே ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது, அந்த வாய்ப்பையும் தன் கையாலேயே கொடுத்துவிட்டாள். நாங்கள் அவளைக் குறை சொல்லவில்லை. அவள் பக்கத்தில் போகும்போது இன்னும் மெல்லப் பேசினோம், அது அவளுக்கு இன்னும் வேதனையாக இருந்தது என்று எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது. முனைகளில் அவள் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள், நாங்கள் யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது வெள்ளிக்கிழமையும் ஆறாவது வெள்ளிக்கிழமையும் போனே வரவில்லை. அவள் இருட்டும்வரை கம்பியோரம் நின்றாள், நஸீர் நானா கடையைச் சாத்தாமல் விளக்கைப் போட்டு வைத்திருந்தார்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சத்தத்தை அனுப்பி நாற்பத்தாறாவது நாள், நாங்கள் ரோட்டோர மலையில் பறித்துக்கொண்டிருந்தபோது, பகல் பன்னிரண்டு மணி அட்டன் பஸ் வளைவுக்கு அந்தப் பக்கம் வருவது கேட்டது. அது பஸ் போடுகிற சத்தம் இல்லை. செவனம்மா கூடையைக் கழற்றிச் செடி மேல் போட்டுவிட்டு, கவ்வாத்து வெட்டிய குச்சிகள் காலைக் கிழிக்கக் கிழிக்கச் சரிவில் இறங்கி ஓடினாள்.

பஸ் வந்து நின்றது. டிரைவர் காதில் பஞ்சு வைத்திருந்தான். பின் கதவால் சுகந்தினி ஒரு பையோடு இறங்கினாள், அவள் கூடவே பெரியதண்ணி இறங்கியது. போனபோது இருந்ததில் பாதிதான் அந்தப் பிள்ளை இருந்தாள். தாயும் மகளும் ஒரு முழம் தள்ளி நின்றார்கள், நடுவில் அந்த இரைச்சல்.

"சாப்பிட்டியா?" என்று செவனம்மா கத்தினாள்.

"சாப்பிட்டேன். நல்லா இருக்கேன்" என்று சுகந்தினி கத்தினாள்.

இந்த முறை அவள் முகம் எதிரே இருந்தது. செவனம்மா பையை வாங்கிக்கொண்டாள். சத்தம் இரண்டு பேரோடும் பாலம் வரை நடந்து வந்து, அங்கிருந்து தன் பாட்டில் திரும்பி, பாறை மேல் ஏறித் தண்ணீரோடு சேர்ந்துகொண்டது. நாங்கள் மலையில் நின்று கத்தினோம், என்ன கத்தினோம் என்று நினைவில்லை, அன்று சாயந்தரத்துக்குள் தோட்டம் முழுக்கப் பழையபடி கத்திப் பேச ஆரம்பித்துவிட்டது, காத்தாயி அக்கா மருமகளோடு சமாதானம் ஆனாள்.

சுகந்தினி கதை சொன்னாள், சிரிக்கிற பகுதியை மட்டும். சாமான் அறையில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது என்று குவைத் வீட்டுக்காரர்கள் முதலில் தரையை உடைத்தார்களாம். அவளைச் சமையலறையில் படுக்க வைத்தார்கள், சத்தம் அங்கே வந்தது, சுவரை உடைத்தார்கள். மூன்று குளியலறை, ஒரு மாடிப்படி, தோட்டத்து நீரூற்று, எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்தும் ஒரு சொட்டு ஈரம் கிடைக்கவில்லை. வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் இல்லை, அவள் மட்டும் நன்றாகத் தூங்கினாள். ஒளித்து வைத்திருந்த போனும் இடிபாட்டில் போயிற்று. கடைசியில் சத்தம் அவளோடுதான் வருகிறது என்று புரிந்து, பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் அவள் கையில் வைத்து, வாசல் கதவைத் திறந்துவிட்டார்களாம். நஸீர் நானா இதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார், வேன்களும் திரும்ப வரத் தொடங்கின.

ஆனால் வீட்டுக்குள் அவள் பேசவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், மணிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள், கோயில் மணிக்கும் நின்றாள். செவனம்மா கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கேன் என்றாள். வேண்டாம் என்று அன்றைக்கு நிறுத்திய மிச்சம் அவளுக்குள்ளேயே இருந்தது, ஒரே காம்பிராவில் தாயும் மகளும் ஆளுக்கொரு மூலையில் தனியாக இருந்தார்கள்.

வந்த பிறகு இரண்டாவது வெள்ளிக்கிழமை, ஐந்து மணிக்கு, அவள் எழுந்து வெளியே போனாள். செவனம்மா குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். சுகந்தினி வியூ பொயிண்டில் நிற்கவில்லை, கம்பியைத் தாண்டி, வழுக்கும் பாறைகளில் கால் வைத்து இறங்கி, தண்ணீர் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சாரல் அவளைப் பாதி மறைத்தது. அவள் வாய் அசைந்தது. முதலில் கொஞ்சமாக, பிறகு நிற்காமல். கைகள் அசைந்தன. ஒரு தடவை குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், நிமிர்ந்து திரும்பவும் பேசினாள். கம்பியோரம் நின்ற ஒரு வெளிநாட்டுக்காரி, யாரோ பாடுகிறார்கள் என்று நினைத்து அவளைப் படம் பிடித்தாள்.

செவனம்மாவுக்கு அவள் சொல்வதில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமானால் வழி செவனம்மாவிடமே இருந்தது. வாயேன் வீட்டுக்கு, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவ என்று ஒரு தடவை சொன்னால் போதும், பெரியதண்ணி பேசாமல் இறங்கி வந்துவிடும், மகள் சொல்கிற அத்தனையும் அவள் காதில் விழும், பெற்றவளுக்கு அதைக் கேட்கிற உரிமை இல்லையா. வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது என்று செவனம்மா சொன்னாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, குடையைப் பிடித்தபடி, அருவிக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

இருட்டுகிற நேரத்தில் சுகந்தினி தெப்பமாக நனைந்து மேலே ஏறி வந்தாள். நடுங்கிக்கொண்டிருந்தாள். செவனம்மா குடைக்குள் அவளை இழுத்துக்கொண்டு, வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

"சாப்பிட்டியா?"

சுகந்தினி அம்மாவின் காதோரம் வாயைக் கொண்டு வந்தாள்.

"இல்லம்மா" என்றாள். "பசிக்குது."